சோறு நிறைஞ்சிருக்கு

என் வாழ்க்கையில் ஒருமுறை, பசியோடு இருந்த அறுபது பேரை, அழைப்பிதழ் இல்லாமல் ஒரு கல்யாணத்துக்குச் சாப்பிடக் கூட்டிப் போயிருக்கிறேன். அங்கே ஒரு பருக்கை சோறு இல்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இப்போது வெட்கமில்லை. படவேண்டிய வெட்கத்தையெல்லாம் அன்றைக்கே மொத்தமாகப் பட்டு முடித்துவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் ஆப்களுக்குத் திரை வடிவமைத்துவிட்டு, தர்மபுரிக்குத் திரும்பி வந்து ஊரைத் திருத்தக் கிளம்பியிருந்தேன். (இரண்டு வருடம் பெங்களூர்த் தண்ணி குடித்தால் யாருக்கும் இந்த வியாதி வரும்.) முகூர்த்த நாளில் மண்டபங்களின் பின்பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அண்டா அண்டாவாகச் சோறு குழிக்குள் போகும். அதே தெருவில் பசியோடும் ஆட்கள் இருப்பார்கள். நடுவில் ஒரு ஆப் இருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது. என் கல்லூரித் தோழி சபீஹா புரோகிராம் எழுத, நான் வடிவமைத்தேன். பெயர் ‘பந்தி’. அடையாளப் படம் ஒரு வாழையிலை.

அப்பாவின் தங்கை பூங்கொடி அத்தை அந்தப் படத்தைப் பார்த்த பார்வையிலேயே சொன்னார்: “நுனிய வலப்பக்கம் போட்டு வெச்சிருக்கியேடி. இதுல எவ உக்காந்து சாப்புடுவா?”

இலையைத் திருப்பிப் போட்டேன். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

‘பந்தி’யின் பெருமையே அதன் மைக் பட்டன்தான். மண்டபத்து ஸ்டோர் ரூமில் கரண்டியும் கையுமாக நிற்பவர்கள் டைப் அடிக்க மாட்டார்கள் அல்லவா? அதனால் பேசினால் போதும். ‘தீந்துபோச்சு’, ‘இல்ல’, ‘காலி’ என்று காதில் விழுந்தால் ஆப் சிவப்பாகும். ‘மீந்திருக்கு’, ‘நிறைய’, ‘நிறைஞ்சிருக்கு’ என்றால் பச்சை. பச்சைச் சொல் மூன்று தடவைக்கு மேல் வந்தால் கரும்பச்சை. அதாவது, வண்டி அனுப்பி எடுத்துவரக்கூட வேண்டாம், நேரே போய் உட்கார்ந்து சாப்பிடலாம். மைக் பட்டன் எந்த நிறம் என்று நானும் சபீஹாவும் பதினொரு நாள் சண்டை போட்டோம். இந்தச் சொற்பட்டியலை ஒரு டீ ஆறுவதற்குள் எழுதிவிட்டேன்.

ஊரில் நான்கு மண்டபங்களில் ஆப்பைப் போட்டுக் கொடுத்தோம். ஒரு மாதமாக ஒருவரும் பட்டனைத் தொடவில்லை. கடைசியில் அத்தை மகள் கல்யாணம் வந்தது. அத்தையின் கையைக் காலைப் பிடித்து, அன்றைக்கு ‘பந்தி’யின் முதல் சோதனை என்று முடிவு செய்தேன். சாப்பிடுவதற்கு ஒரு நர்சிங் மாணவிகள் விடுதியைப் பிடித்தேன். அன்று அங்கே சமையல்காரருக்கு லீவு.

வார்டனம்மா தயங்கினார். “புள்ளைங்க டூட்டி முடிச்சு பசியோட வருங்க. உங்கள நம்பி அடுப்பு பத்த வெக்காம இருக்கலாங்களா?”

“தாராளமா இருங்க மேடம்,” என்றேன். அந்தத் தாராளம் யாருடைய தாராளம் என்று எனக்கே தெரியாது.

மதியம் இரண்டரை மணிக்கு, விடுதி வாசலில் நின்றுகொண்டிருந்த என் கையில் போன் துள்ளியது. மண்டபத்தில் ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொண்ட உறவுக்காரர் சரோஜாக்கா, மைக் பட்டனை அமுக்கி, மெஷினுக்கும் மரியாதை குறையாமல் பேசியிருந்தார்.

“சோறு நிறைஞ்சிருக்குங்க. சாம்பார் நிறைஞ்சிருக்குங்க. ரசம் நிறைஞ்சிருக்குங்க. பாயாசமும் நிறைஞ்சிருக்குங்க.”

நான்கு தடவை. திரை கரும்பச்சையானது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அறுபது மாணவிகளையும், டூட்டி முடித்து வந்த வெள்ளை யூனிஃபார்மோடு, இரண்டு தெரு நடத்திக் கூட்டிப் போனேன். ஊர்வலத்துக்கு நான்தான் தலைமை.

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்றுவிட்டார். “ஏங்க, உள்ள யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?”

நான் சிரித்துக்கொண்டே ஸ்டோர் ரூமுக்குள் போனேன். சரோஜாக்கா காலி அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, சோறு எங்க?”

“அதான் போன்ல சொன்னனே கண்ணு. நிறைஞ்சிருக்கு.”

“அதாங்க்கா, எங்க நிறைஞ்சிருக்கு?”

சரோஜாக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “கல்யாண வூட்ல தீந்துபோச்சுன்னு வாயில வருமா? நிறைஞ்சிருக்குன்னுதான் சொல்லணும். நீ எந்த ஊருக்காரி?”

நான் எந்த ஊர்க்காரி? எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் அம்மா, “அரிசி நிறைஞ்சிருக்கு, கடைக்குப் போய்ட்டு வா” என்பார். இத்தனை வருடம் அந்த ஒரு சொல்லைக் கேட்டுத்தான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அதே சொல்லைக் கொண்டுபோய்ப் பச்சையில் எழுதிய மேதை நான்.

பின்னாலேயே அத்தை வந்துவிட்டார். கூடத்தில் அறுபது பேர் வரிசையாக உட்கார்ந்து, கைகழுவி, இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி வீட்டார் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்தவர்களைப் பசியோடு எழுப்பி அனுப்பிய வீடு என்று ஒருமுறை பேர் வந்தால் அது போகாது. அத்தை மாணவிகளிடம், “இருங்க கண்ணுங்களா, சூடா வருது” என்றார். என்னிடம் திரும்பி, “சூடா வரணும்” என்றார். அவ்வளவுதான்.

என்னோடு வந்திருந்த சபீஹாதான் முதலில் தெளிந்தாள். “கவி, மத்த மூணு மண்டபத்துலயும் இன்னிக்கு விசேஷம்டி. எலையத் திருப்பிப் போட்ட இல்ல, ஆப்பையும் திருப்பிப் போடு.”

மூன்று மண்டபத்துக்கும் ஒரே செய்தி அனுப்பினோம்: ‘பந்தியில் அறுபது பேர் உட்கார்ந்தாச்சு. சோறு பத்தலை. உதவுங்க.’

ஒரு மாதமாகப் பட்டனைத் தொடாதவர்கள், ஐந்து நிமிடத்தில் வரிசையாகக் கூப்பிட்டார்கள். மீந்துவிட்டது என்று தாங்களாகச் சொன்னால், கூட்டம் வரவில்லை என்று ஊர் பேசுமே என்று அத்தனை நாள் கூச்சப்பட்டிருக்கிறார்கள். இன்னொரு வீட்டுப் பந்தி பாதியில் நிற்கிறது என்றதும் அந்தக் கூச்சம் போன இடம் தெரியவில்லை. (நானோ ஒவ்வொருவரிடமும், “நிறைஞ்சிருக்கா, மீந்திருக்கா?” என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன்.)

ஒரு ஆட்டோவில் எலுமிச்சைச் சாதமும் வடையும் வந்தன. இன்னொன்றில் சோறும் வத்தக்குழம்பும். மூன்றாவது, சபீஹாவின் மாமா வீட்டு நிக்காஹ்விலிருந்து ஒரு முழு தேக்சா மட்டன் பிரியாணி. அதன் வாசம் வந்ததும் கூடமே அத்தையைப் பார்த்தது.

“தாலி ஏறிடுச்சில்ல, அப்பறம் என்ன? கொண்டாங்க,” என்றார் அத்தை.

முதலில் கைகழுவப் போனது, ஏற்கெனவே ஒரு பந்தி முடித்திருந்த மாப்பிள்ளையின் அப்பாதான். அறுபது பேரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். அன்று அந்த நான்கு மண்டபங்களிலும் குழிக்குள் ஒரு கரண்டி சோறு போகவில்லை. நான் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்னால் போய் நின்று நன்றாக அழுதேன். சத்தியமாகச் சந்தோஷத்தில்தான்.

இன்று ஊரில் பெரும்பாலான மண்டபங்களில் ‘பந்தி’ ஓடுகிறது. இப்போது அது மீதம் இருக்கிறதா என்று யாரையும் கேட்பதில்லை. எங்கே பந்தி பாதியில் நிற்கிறது என்று மட்டும் சொல்கிறது. ‘நிறைஞ்சிருக்கு’ சிவப்பில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதைப் பிழை என்று எழுதி அனுப்பும்போதெல்லாம் நன்றி சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம்.

எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லைச் சொல்லி யாரும் தப்ப முடியாது. வண்டியில் பெட்ரோல் நிறைஞ்சிருக்கு என்று அப்பா சொன்னால், “எந்த நிறைஞ்சிருக்கு?” என்று வீடே கேட்கும்.

போன வருடம் எனக்குக் கல்யாணம். அந்த அறுபது பேருக்கும் இம்முறை முறையாகப் பத்திரிகை வைத்தேன். மதியம் அவர்கள் டூட்டி முடித்து, அதே வெள்ளை யூனிஃபார்மில், மொத்தமாக வந்து இறங்கினார்கள். கடைசிப் பந்தி எழுந்துகொண்டிருந்தது. மாலையும் கழுத்துமாக ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். வாசலில் அத்தை நின்றார்.

“அத்தை, சோறு?”

“நிறைஞ்சிருக்கு.”

எனக்கு உயிரே போய்விட்டது. அத்தை என் முகத்தை நிதானமாக ரசித்துப் பார்த்தார். பிறகு அண்டாவின் மூடியைத் தூக்கினார். விளிம்பு வரைக்கும் சோறு, ஆவி பறந்துகொண்டிருந்தது.

“இது நெஜமாவே நிறைஞ்சிருக்குடி. போயி உம்புள்ளைங்கள உக்கார வை.”