சி.ஐ.டி. ஆசாரி செய்த அலமாரி

விராலிமலை வட்டாரத்தில் சி.ஐ.டி. ஆசாரி சந்தேகப்படாத பொருள் ஒன்று இருக்கிறதென்றால், அது இன்னும் அவர் கண்ணில் படவில்லை என்றுதான் அர்த்தம். மனிதர்களைச் சந்தேகப்படுகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். இவர் மரத்தைச் சந்தேகப்படுவார், ஆணியைச் சந்தேகப்படுவார், கொடுத்த காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "பால் யாரு ஊத்துறா?" என்று விசாரிப்பார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருமுறை கேட்டேன். "எதுக்குக் கேக்குறீங்க?" என்றார். விட்டுவிட்டேன்.

அவரை நான் கூப்பிட்டதே என்னுடைய சொந்தச் சந்தேகம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளத்தான். என் மகள் நித்யாவை அறந்தாங்கியில் கட்டிக்கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை கல்யாணம் முடிந்த இருபதாம் நாள் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிட்டார். இவள் மாமியாரோடு இருக்கிறாள். தினமும் போன் செய்வேன்.

"நல்லா இருக்கியாடி?"

"நல்லா இருக்கேம்மா."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். யூனியன் ஆபீஸில் முப்பது வருஷம் மனு வாங்கிய கிளார்க் நான். அவ்வளவு வேகமாக வருகிற பதிலில் எங்கோ ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "ஒனக்கு வேற வேலையே இல்ல" என்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வார்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். மாடியில் புதிதாக ஒரு விருந்தாளி ரூம் கட்டியிருந்தோம். சம்பந்தியம்மாவை நித்யாவோடு இரண்டு நாள் வந்து தங்கச் சொல்வது, நன்றாகக் கவனிப்பது, என் மகளை அந்தம்மா எப்படிப் பார்க்கிறார், எப்படிக் கூப்பிடுகிறார் என்று பக்கத்தில் இருந்து நோட்டம் விடுவது. ரூமில் கட்டில் இருந்தது, ஃபேன் இருந்தது, துணி வைக்க அலமாரி இல்லை. வந்தவர் சேலையை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டால் என் மானம் அல்லவா தொங்கும்? கடையில் இரும்பு பீரோ வாங்கலாம். ஆனால் நான் பிறந்த வடகாட்டில், புயலில் சாய்ந்த பலா மரத்தை அறுத்து என் அண்ணன் பலகையாகப் போட்டு வைத்திருந்தான். அதில் செய்தால் மரியாதையாக இருக்கும் என்று வண்டி வைத்து இறக்கினேன்.

ஆசாரி வந்தார். பலகையைத் தட்டினார், மோந்தார், ஓரத்தை நகத்தால் கீறி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது பலான்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அந்த மரத்துல நானே பழம் பறிச்சிருக்கேன் ஆசாரி."

"நீங்க பறிச்சது இந்த மரத்துலதான்னு எப்படித் தெரியும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதற்குள் அவர் எங்கள் வீட்டு டேப்பை இழுத்துப் பார்த்து, "இது பொய் சொல்ற டேப்பு" என்று ஓரமாக வைத்துவிட்டுத் தன் முழக்கோலை எடுத்தார். அந்தக் கோலையும் இரண்டு தடவை திருப்பிப் போட்டு அளந்தார். பிறகு சுவரில் ரசமட்டத்தை வைத்து ஒற்றைக் கண்ணை மூடினார்.

"கொத்தனார் யாருங்க?"

"ஏன்?"

"ஒண்ணுமில்ல. செவுரு லேசா அங்கிட்டுச் சாயுது. ஆளு சரியில்ல."

அதைக் கேட்ட என் வீட்டுக்காரர் இரண்டு நாள் அந்தச் சுவர்ப் பக்கமே போகவில்லை.

பலகைகளை ரூமுக்குள் நிறுத்தி வைத்து, பதினைந்து நாள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு போட்டார் ஆசாரி. மரம் ரூமோடு பழக வேண்டுமாம். எங்கள் ஊர் மயில் ஒன்று மாடிக் கைப்பிடிச் சுவரில் வந்து நின்று எட்டிப் பார்த்தது. "இது தெனமும் வருதா, இன்னைக்குத்தான் வருதா?" என்று கேட்டுவிட்டு ஜன்னலையும் சாத்தினார். ரூமைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். என் வீட்டில் என் ரூம், சாவி அவர் இடுப்பில்!

சந்தேகம் ஒரு தொற்றுவியாதி. தினமும் காலையில் வந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறவர் மத்தியானம் வரை ஒரு சத்தமும் காட்டவில்லை. இழைக்கிற சத்தம் இல்லை, உளி சத்தம் இல்லை. நல்ல பலகையை எடுத்துவிட்டு மட்டமான பலகையை மாற்றி வைக்கிறாரோ என்று எனக்கு உறுத்தியது. வீட்டுக்காரரை ஏணியில் ஏற்றி வென்டிலேட்டர் வழியாகப் பார்க்கச் சொன்னேன்.

"என்னங்க பண்றாரு?"

"பாத்துக்கிட்டு இருக்காரு."

"யாரை?"

"பலகையை. எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு."

"பலகை என்ன பண்ணுது?"

"அதுவும் சும்மாதான் நிக்குது. ஏணியை ஆட்டாதடி!"

பதினாறாம் நாள் கதவைத் திறந்து வெளியே வந்தார். ரெண்டு பலகை வளையப் பார்த்ததாம், கண்டுபிடித்துவிட்டாராம், அதைப் பின்பக்கத்துக்குத் தள்ளிவிட்டாராம். வேலை ஆரம்பமாகிவிடும் என்று நான் நிம்மதியாக மூச்சு விடும்போது அடுத்த விசாரணை வந்தது.

"விருந்தாளி ரூம்னு சொல்றீங்க. விருந்தாளி யாரு?"

"எங்க சம்பந்தியம்மா. அறந்தாங்கி."

"அவங்க வீட்டு பீரோ எம்புட்டு உசரம்?"

"அது எதுக்கு ஒங்களுக்கு?"

"நம்மளுது பெருசா இருந்தா பீத்திக்கிறாங்கன்னு சொல்லுவாங்க. சிறுசா இருந்தா நம்மளை மதிக்கலைன்னு சொல்லுவாங்க. அளவு தெரியாம எப்படிங்க கை வைக்கிறது?"

முட்டாள்தனமான கேள்வி என்று வாய் வரை வந்தது. யோசித்துப் பார்த்தால் முட்டாள்தனமாகவும் இல்லை. "எனக்குத் தெரியாது, ஒங்களுக்குத் தோணுறதைச் செய்யுங்க" என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. அவருக்குத் தோன்றியதைச் செய்துவிட்டார்.

மறுநாள் ஆள் வரவில்லை. சாவியும் இல்லை. பதினோரு மணிக்கு நித்யாவிடமிருந்து போன், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"அம்மா, நம்ம வீட்டு ஆசாரின்னு ஒருத்தர் வந்திருக்காரு. வாசக்கால்ல கரையான் வாடை அடிக்குதுன்னு சொன்னாரு. அத்தை பயந்துபோய் எல்லா ரூமையும் தெறந்து விட்டுட்டாங்க. இப்ப அவங்க பீரோவுக்குப் பின்னாடி போய் மோந்து பாத்துக்கிட்டு இருக்காரும்மா!"

அறந்தாங்கி என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன், வீட்டை எப்படிக் கண்டுபிடித்தாரோ! பெண்ணின் மாமியார் வீட்டுக்கு வேவு பார்க்க ஆள் அனுப்பினவள் என்ற பெயர் எனக்கு வந்துவிட்டால், அதற்கு அனுபவிக்கப்போகிறவள் என் மகள் அல்லவா? சாயங்காலம் அவர் தலை தெரிந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஆசாரி, ஒங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? எம் பொண்ணு வாழுற வீடுய்யா அது!"

அவர் அசரவே இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். வழக்கம்போல் தண்ணீர் எங்கே பிடித்தது என்று கேட்கவில்லை. விஷயம் பெரிது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"அந்தம்மா பீரோ ஆறரை அடி. நம்மளுது ஆறேகால் போதும்" என்றவர் குரலை இறக்கினார். "ஒங்க பொண்ணு ரூமையும் பாத்தேன். மேக்காலச் செவுத்துல நாலரை அடி எடம் சும்மா கெடக்கு. கட்டிலை அங்கிட்டு ஒதுக்கிப் போட்டிருக்காக. அந்த எடத்துல ஒரு ஆணி இல்ல, காலண்டர் இல்ல. பீரோவுக்குன்னு விட்ட எடமுங்க அது. பொண்ணோட துணி பூராம் கட்டிலுக்கு அடியில பொட்டியில இருக்கு. மூடி தொறந்துதான் கெடந்துச்சு, பாத்தேன். நாளைக்கே ஊருக்குக் கெளம்புற ஆளு அடுக்குன மாதிரி அடுக்கி வச்சிருக்கு."

அப்போதுதான் எனக்குப் பழைய பேச்சு ஒன்று நினைவுக்கு வந்தது.

கல்யாணம் பேசும்போது அந்தம்மா, "பீரோ, கட்டில் ஒண்ணும் வேணாம், பொண்ணை மட்டும் அனுப்புங்க" என்று சொன்னார். தங்கமான மனசு என்று நாங்களும் பெண்ணை மட்டும் அனுப்பினோம். எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்று சொல்வது ஒரு மரியாதை, அதையும் மீறிக் கொண்டுபோய் இறக்குவது இன்னொரு மரியாதை. மனுவில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டு பழகிய எனக்கு அது உறைக்கவில்லை. இப்போது நாங்கள் அனுப்பினால் அவர் பேச்சை மதிக்காததாக ஆகும். அவரே வாங்கிப் போட்டால் எங்களைக் குத்திக்காட்டியதாக ஆகும். இரண்டு வீட்டு கௌரவத்துக்கும் நடுவில் என் பிள்ளையின் துணி எட்டு மாதமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறது. நினைக்க நினைக்க எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழுகாதீங்க" என்றார் ஆசாரி. "அந்தம்மா மேல தப்பு இருக்கா இல்லையான்னு இன்னும் முடிவாகல. வரச் சொல்லுங்க."

அடுத்த மூன்று வாரம் மாடியில் இழைக்கிற சத்தம் ஓயவில்லை. ஆணி அடிக்காமல் பலகையைப் பலகையோடு கோத்து, மஞ்சள் பூசின மாதிரி ஒரு அலமாரி எழும்பி நின்றது. கதவை ஒரு விரலால் தள்ளினால் திறக்கும், விட்டால் சத்தம் இல்லாமல் போய்ச் சேரும். எவ்வளவு கோபம் இருந்தாலும், அதைப் பார்த்தால் கை தன்னால் தடவும்.

சம்பந்தியம்மாவும் நித்யாவும் வந்த அன்று, கூப்பிடாமலேயே ஆசாரியும் வந்து மாடியில் நின்றார். கேட்டதற்கு, கீலுக்கு எண்ணெய் விட வேண்டும் என்றார். சம்பந்தியம்மா அலமாரியைத் திறந்து பார்த்து, தட்டைத் தடவி, "வேலை நல்லா இருக்கே" என்றார். ஆசாரியை அடையாளம் தெரிந்ததும், "நீங்க கரையான் பாக்க வந்தவருல்ல?" என்று புருவத்தைச் சுருக்கினார்.

"ஆமாங்க. கரையான் இல்ல. வேற ஒரு சந்தேகம் இருக்கு, கேக்கலாங்களா?"

நான் கண்ணால் எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன். அந்த மனுஷன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒங்க வீட்டுக்கு வந்த பொண்ணு, இருக்கப்போற பொண்ணா, போகப்போற பொண்ணா?"

வீட்டுக்காரர் மெல்ல மாடிப்படிப் பக்கம் நகர்ந்தார். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். சம்பந்தியம்மா கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். முந்தானையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார்.

"அதைத்தான் நானும் ஒம்பது மாசமா கேக்கப் பயந்துக்கிட்டுக் கெடக்கேன்" என்றார். "தெனம் ரூமைக் கூட்டும்போது பாக்குறேன், பொட்டி அப்படியே இருக்கு. எம் மகனும் பக்கத்துல இல்ல. எந்நேரம் இந்தப் புள்ள பொட்டியத் தூக்கிக்கிட்டு ஒங்ககிட்ட வந்துருமோன்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. நானே ஒரு பீரோ வாங்கிப் போடலாம்னா, நீங்க குடுக்கலைன்னு சொல்லிக் காட்டுறதா நெனைச்சிருவீங்களோன்னு இருந்துட்டேன்."

ரூம் வாசலில் நின்ற நித்யா அழுதுகொண்டே சொன்னாள்: "ஒங்க பீரோவுல ஒரு தட்டுல வச்சுக்கன்னு நீங்க சொல்லவே இல்லையே அத்தை."

"நீ கேக்கவே இல்லையே தாயி."

இவள் அவர் மடியில் போய் விழ, அவர் இவள் தலையைத் தடவ, நான் இரண்டு பேரையும் கட்டிக்கொள்ள, அங்கே எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்ற ஆசாரி எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒன்று விடாமல் உற்றுப் பார்த்தார். அழுகை நிஜம்தானா என்று சரிபார்த்திருப்பார். திருப்தியானதும், "அறந்தாங்கியில மரம் இருக்குங்களா?" என்று கேட்டார்.

"எங்க கொல்லை வேம்பு அறுத்துக் கெடக்கு. எம் மருமகளுக்கு நான்தான் செஞ்சு போடுவேன்" என்றார் சம்பந்தியம்மா, என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே. நான் வேகமாகத் தலையை ஆட்டினேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு மத்தியானம், அறந்தாங்கி வேலையை முடித்துக்கொண்டு ஆசாரி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் உளிப் பை, இன்னொரு கையில் நித்யாவின் பெட்டி. இரண்டு பஸ் மாறித் தூக்கி வந்திருக்கிறார். திறந்து காட்டினார். காலியாக இருந்தது.

"இது அங்க கெடந்தா அந்தம்மாவுக்கு மறுபடி சந்தேகம் வரும். இங்கிட்டே இருக்கட்டும்" என்று சொல்லி, மாடிக்குக் கொண்டுபோய்ப் பலா அலமாரியின் மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

சாப்பிடாமல் போகக்கூடாது என்று இலையைப் போட்டு உட்கார வைத்தேன். அவர் குழம்பை முகர்ந்து பார்த்து, சோற்றை விரலால் நசுக்கிப் பார்த்து, மெதுவாகச் சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்று பரிமாறினேன். வடகாட்டிலிருந்து என் அண்ணன் வந்தால் அப்படித்தான் நிற்பேன்.