அக்காவுக்காக நான் வாங்கிய தட்டு

அரைகுறையாகச் சட்டம் படித்தவனை வீட்டில் வைத்திருப்பதைவிட, ஒன்றுமே படிக்காதவனை வைத்திருப்பது குடும்பத்துக்கு நல்லது. அனுபவத்தில் சொல்கிறேன். அந்த அரைகுறை நான்தான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஹட்டனில் சனிக்கிழமைகளில் நடந்த சட்ட வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒப்பந்தம் எப்படி உருவாகிறது என்ற பாடம். ஒருவர் முன்மொழிய வேண்டும், மற்றவர் அதை அப்படியே ஏற்க வேண்டும், இருவருக்கும் மனதாரச் சம்மதம் இருக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதை வைத்துக்கொண்டு நோர்வூட் பஸ் கண்டக்டரைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. ("அண்ணே, நான் பஸ்ல ஏறினதே ஒரு ஏற்புதான், தெரியுமா?" "தெரியும், உள்ள தள்ளி நில்லு.")

அந்த நேரத்தில்தான் டிக்கோயாவிலிருந்து என் அக்கா சுகந்தியைப் பெண் கேட்டார்கள். நல்ல குடும்பம். ஆனால் தை மாதமே கல்யாணம் வேண்டும் என்றார்கள். அக்காவுக்கோ அப்போதுதான் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. மூன்று வருடப் படிப்பு. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து அப்படி ஒருத்தி போவது அதுதான் முதல் தடவை.

"இப்ப கட்டிக்கிட்டா என் படிப்பு அம்புட்டுதான்பா" என்றாள் அக்கா, அழாக்குறையாக.

மனம் கோணாமல் மறுத்துவிட்டு வர ஆள் வேண்டும். அப்பா என்னைப் பார்த்தார். "நீதான சட்டம் படிக்கிற. பக்குவமா பேசிட்டு வா."

நான் டை கட்டிக்கொண்டு போனேன். (மாட்டேன் என்று சொல்லப் போகிறவனுக்கு டை எதற்கு என்று கேட்காதீர்கள்.)

டிக்கோயா வீட்டில் நான் பேச்சை ஆரம்பிப்பதற்குள் சூடாக உளுந்து வடை வந்தது. முழு வடையை வாயில் திணித்த நொடியில், மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்த தட்டை என்னிடம் நீட்டினார்.

"எங்களுக்கு முழுச் சம்மதம் தம்பி. புடிங்க."

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் அந்தத் தட்டை வாங்கிவிட்டால் கல்யாணம் பேசி முடிந்தது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் பெரியவர் நின்றுகொண்டு ஒன்றை நீட்டும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதும் தெரியும். எழுந்தேன். கை தானாக நீண்டது. இரண்டு கையாலும் வாங்கி, போதாக்குறைக்குக் கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். பெண்கள் குலவை போட்டார்கள். வடையை விழுங்கி "அது வந்து..." என்று நான் தொடங்குவதற்குள் யாரோ படமெடுத்தாகிவிட்டது. நான் வீடு போய்ச் சேருமுன் படம் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்திருந்தது.

வாசலிலேயே அக்கா நின்றாள். "என்னாடா இது?"

"பயப்படாதக்கா. நான் ஒரு வார்த்த பேசல. சட்டத்துல மௌனம் சம்மதம் ஆகாது."

அக்கா நான் வகுப்பில் பாடம் எழுதிவைத்த கொப்பியைப் பிடுங்கி, நான் சொன்னதற்கு அடுத்த வரியைச் சத்தமாகப் படித்தாள். "'ஆனால் நடத்தையாலும் ஏற்கலாம்.' கண்ணுல ஒத்தி வாங்கியிருக்கியே, இதவிட என்னாடா நடத்த வேணும்?"

சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய மூன்று வருடத்தை நான் ஒரு வடைக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். மூன்று மாதமாக எனக்கு ஏறாதது அவளுக்கு ஒரு மணி நேரத்தில் ஏறியது.

மறுநாள் காலை அப்பாவையும் என்னையும் தட்டையும் கூட்டிக்கொண்டு டிக்கோயாவுக்குப் போனாள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க" என்றாள் பெரியவரிடம். "நீங்க கேட்டது என்னைய. பதில் சொல்ல வேண்டியவ நானு. எனக்காகச் சம்மதம் சொல்லுன்னு இவன நான் அனுப்பல. அதனால இவன் வாங்கினது செல்லாது."

"தட்டு வாங்கினா வாங்கினதுதானம்மா. காலங்காலமா அதுதான வழக்கம்?"

"சரிங்க. கட்டிக்கப் போற ரெண்டு பேருக்கும் சம்மதம் வேணும்ல? உங்க மகன்கிட்ட கேட்டீங்களா?"

எல்லோரும் கதவோரம் நின்ற மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தோம். "என்கிட்ட தேதியத்தான் சொன்னாங்க" என்றார் அவர், பாவமாக.

அக்கா நேராக மாப்பிள்ளையிடமே பேசினாள். "உங்கள வேணாம்னு சொல்லல. மூணு வருசம் படிச்சு முடிச்சப்புறந்தான் கல்யாணம். இதுக்குச் சம்மதம்னா சொல்லுங்க."

(என் கொப்பியில் இதற்கு எதிர்முன்மொழிவு என்று பெயர். அது வந்தவுடனே பழைய முன்மொழிவு செத்துப்போகும். தை மாதக் கல்யாணம் அந்த இடத்திலேயே செத்தது.)

மாப்பிள்ளை முன்னால் வந்து, அவள் கையிலிருந்த தட்டை வாங்கினார். "சம்மதங்க" என்று வாயைத் திறந்தும் சொன்னார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்காமல் விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடித்தும் விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கேட்டுவிட்டு, "சோதினை எழுத உம்மட அக்காவ அனுப்பும்" என்றார்.

சொன்னபடியே மூன்று வருடம் கழித்துத்தான் கல்யாணம் நடந்தது. அக்கா இன்று கொட்டகலையில் ஆசிரியை. நான் ஹட்டனில் சட்டத்தரணி. தோட்டம் தோட்டமாக ஆட்கள் ஒப்பந்தம் எழுத என்னைத் தேடி வருகிறார்கள்.

போன மாதம் அக்கா வீட்டில் இருந்தபோது ஒருவர் பார்சல் கொண்டுவந்தார். நான் எழுந்து கையை நீட்டினேன். உள்ளேயிருந்து மச்சான் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"மாப்ள, கைய எடுங்க! உங்க அக்கா வந்து வாங்கட்டும்."