பயணத் தலைவர் குன்னூர் போன கதை

நாலு பேர் சேர்ந்து எங்கேயாவது போவோமா என்று வாய் திறந்த உடனேயே, ஐந்தாவதாக ஒருவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்ப முதல்ல ஒரு வட்ஸ்அப் குரூப் தொடங்குவம்" என்று சொன்னால், வாசகரே, உங்கள் முன்னால் இருப்பது பயணத் தலைவர் என்னும் இனம். அவரை யாரும் தெரிவு செய்வதில்லை. தாம் தெரிவாகிவிட்டதாக அவரே அறிவிப்பார். மற்றவர்களின் வாயில் அந்த நேரம் வடை இருப்பதால் மறுப்பு எழாது.

ஏழு மணிக்குப் புறப்பட வேண்டுமென்றால் நாலரைக்குத் தொலைபேசி எடுத்து "எழும்பியாச்சோ?" என்று கேட்பார்; எல்லோருடைய கடவுச்சீட்டுப் பிரதிகளையும் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, அந்தக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பார்; சாப்பாட்டுக் கடையில் ஆளாளுக்கு என்ன வேண்டுமென்று கேட்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போய், கடைசியில் எல்லோருக்கும் இடியப்பம் சொல்லிவிட்டு வருவார்; உங்களுக்குத் தலையிடி என்றால் அவரிடம் மாத்திரை இருக்கும், தலையிடி அவரால் வந்தது என்றாலும் இருக்கும். எல்லாம் செய்வார். வழி மட்டும் கேட்கமாட்டார்.

எங்களுக்கு வாய்த்தவர் சிவானந்தன் அண்ணை. வெள்ளவத்தைக்காரர்; காப்புறுதிக் கம்பனி ஒன்றில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஓய்வு பெற்றது கம்பனி, அவர் அல்ல என்று அவருடைய மனைவி கனகேஸ்வரி அக்கா சொல்லுவா. கொழும்பில் பழைய கியர் ஸ்கூட்டர் வைத்திருக்கும் தமிழர்கள் சிலர் சேர்ந்து ஆறு வருடங்களுக்கு முன் ஒரு சங்கம் தொடங்கினோம். ஞாயிறு காலையில் வெள்ளவத்தையிலிருந்து மெரின் டிரைவ் வழியாகப் பம்பலப்பிட்டி ஸ்டேஷன் வரை ஓடி, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவோம். அந்தச் சின்னத் தூரத்துக்கும் அண்ணை முன்னால் போவார், கையால் சைகை காட்டுவார். அவரை முந்துவது சங்க விதிகளின்படி குற்றம். விதிகளை எழுதியவர் யார் என்று கேட்கிறீர்களா?

போன வருடம் குன்னூரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. மலை மேல், மூன்று நாள், பல நாட்டுப் பழைய ஸ்கூட்டர்கள் கூடும் பெரிய ரெலி. "ரெலி எண்டு சொல்லக் கூடாது, பேரணி" என்றார் அண்ணை. துணியில் அச்சடிக்கவும் செய்தார்: 'பன்னாட்டு ஸ்கூட்டர் பேரணி – கொழும்பு அணி'. பதினெட்டுப் பேர் வருவதாகச் சொல்லி, நாலரை மணித் தொலைபேசி அழைப்புகள் தொடங்கியதும் பதின்மூன்று பேருக்கு வேறு வேலை வந்து, கடைசியில் நான்கு ஸ்கூட்டர், ஐந்து பேர் மிஞ்சினோம்: அண்ணை, அவருக்குப் பின்னால் கனகேஸ்வரி அக்கா, பம்பலப்பிட்டியில் மென்பொருள் கம்பனியில் வேலை செய்யும் உமாசுதன், கொட்டாஞ்சேனைக் கிளறன்ஸ், நான்.

கிளறன்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவன். வாயும் பெட்டி மாதிரித்தான், தேவைக்குத்தான் திறப்பான். அவனுடைய ஸ்கூட்டர் ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொன்றாம் வருடத்தது. அவனுடைய அப்பா அதில்தான் முப்பது வருடம் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். அவர் காலமான பிறகு பதினாறு வருடம் கொட்டகையில் கிடந்ததை, இரண்டு வருடம் ஞாயிறு பிற்பகல்களில் குந்தியிருந்து, ஆணி ஆணியாகக் கழற்றிப் பூட்டி ஓட வைத்திருந்தான். குன்னூரில் ஆகப் பழைய வண்டிகளுக்கு ஒரு போட்டி இருந்தது. முதல் நாள் மாலை ஆறு மணிக்குள் பதிய வேண்டும். கிளறன்ஸ் வந்தது அதற்காக மட்டும்தான்.

அணி போடும் ரீசேர்ட்டின் நிறத்துக்கு மூன்று கிழமை வாக்கெடுப்பு நடந்தது. நீலம் வேண்டுமென்றவர்களும் சிவப்பு வேண்டுமென்றவர்களும் சண்டை பிடித்து, எல்லோருக்கும் சமமாகப் பிடிக்காத கத்தரிப்பூ நிறம் வென்றது. பிறகு ஒருகொடவத்தைச் சுங்க முற்றத்தில் கொன்டெய்னருக்குள் வண்டிகளை ஏற்றப் போனோம். உள்ளே என்ன என்று சுங்க அதிகாரி சிங்களத்தில் கேட்டார். அண்ணை கோப்பைத் திறந்து, சங்கம் உருவான வரலாற்றிலிருந்து தொடங்கிப் பதினொரு நிமிடம் விளக்கினார். அதிகாரி கிளறன்ஸைப் பார்த்தார்.

"பரண ஸ்கூட்டர் ஹதரக், மாத்தயா" என்றான் அவன். பழைய ஸ்கூட்டர் நாலு, ஐயா. அதிகாரி முத்திரை குத்தினார்.

வண்டிகள் கப்பலில் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தன. நாங்கள் பறந்து போய் எடுத்துக்கொண்டு மதுரையில் தங்கினோம். மறுநாள் விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். முன்னால் அண்ணை, கம்பியில் துணி கட்டி. பின்னால் நாங்கள், வரிசை பிசகாமல். தாராபுரத்துக்கு இப்பால் ஒரு சிறு நகரத்தை நெருங்கும்போது மணி ஒன்பதரை. அங்கே தெருவுக்குக் குறுக்கே பெரிய அலங்கார வளைவு ஒன்று நின்றது: 'மாபெரும் இருசக்கர வாகனப் பேரணிக்கு வருகை தருவோரை வருக வருக என வரவேற்கிறோம்'. இரண்டு பக்கமும் கத்தரிப்பூ நிறத்தில் கொடிகள்.

அண்ணை கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களோ? எங்கட நிறத்தை எப்பிடியோ அறிஞ்சிருக்கிறாங்கள்."

"அண்ணை, கூகிள் மப்பில குன்னூருக்கு இன்னும் நூற்றைம்பது கிலோமீற்றர் காட்டுது" என்றான் உமாசுதன் தொலைபேசியைப் பார்த்தபடி.

"அதைத்தான் சொல்லுறன். நூற்றைம்பது கிலோமீற்றருக்கு முன்னாலேயே வரவேற்கிறாங்கள் எண்டா, ஒழுங்கமைப்பு எப்பிடி இருக்குமெண்டு யோசியும்."

"ஆரிட்டயாவது கேட்டுப் பாருங்கோவன்" என்றா அக்கா பின்னாலிருந்து.

அண்ணைக்கு அது காதில் விழவில்லை. ஹெல்மெட் காரணமாக இருக்கலாம். திருமணம் காரணமாகவும் இருக்கலாம்.

வளைவுக்குள் திரும்பினோம். இருநூறு முன்னூறு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. எல்லோர் தோளிலும் கத்தரிப்பூ நிறத் துண்டு. நாங்கள் நுழைந்ததும் பட்டாசு வெடித்தது. யாரோ அண்ணையின் கழுத்தில் மாலை போட்டார்கள். "வழி விடுங்கப்பா, வெளியூர்த் தோழர்கள் வந்திருக்காங்க" என்று ஒரு குரல் கேட்டது. ஐந்து நிமிடத்தில், இடைத்தேர்தலில் நிற்கும் ஒரு புதுக் கட்சியின் ஊர்வலத்துக்கு எங்கள் பயணத் தலைவர் தலைமை தாங்கிப் போய்க்கொண்டிருந்தார். அந்நிய நாட்டவர், சுற்றுலா விசா, தேர்தல் நேரம். அவரிடம் சொல்லலாமென்றால் முந்த முடியாது. விதி.

ஊர்வலம் ஒரு மேடையில் முடிந்தது. அண்ணையை ஏற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், கடல் கடந்து வந்த விருந்தினர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்து மைக்கை நீட்டினார்கள். மைக்கை வேண்டாமென்று சொன்ன பயணத் தலைவர் இன்னும் பிறக்கவில்லை. அண்ணை பேசினார். நான்கு நிமிடம் பேசினார். கூட்டம் ஒவ்வொரு வசனத்துக்கும் கை தட்டியது. நாலாவது நிமிடத்தில் தமக்குப் பின்னால் இருந்த வேட்பாளரின் படத்தைத் திரும்பிப் பார்த்தார். ஸ்கூட்டர் ஓட்டுகிறவரின் முகமாக அது அவருக்குத் தோன்றவில்லை. குரல் இறங்கியது. மேடையின் படியடியில் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள்.

நிலையத்தில் எங்கள் ஐந்து கடவுச்சீட்டுகளும் இன்ஸ்பெக்டரின் மேசையில் அடுக்கப்பட்டன. ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"டூரிஸ்ட் விசால வந்துட்டு தேர்தல் பிரசாரம் பண்றீங்க. இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியுமா சார்? வண்டி நாலையும் நிறுத்தி வெச்சுட்டு மேலிடத்துக்கு எழுதணும்."

அண்ணை கோப்பைத் திறந்தார். சங்கம் உருவான வரலாறு தொடங்கியது. வாசலில் வெயிலில் நின்ற தன் ஸ்கூட்டரைக் கிளறன்ஸ் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தான். மணி பன்னிரண்டைத் தாண்டிற்று.

கனகேஸ்வரி அக்கா எழுந்து போய்க் கோப்பை மூடினா.

"அம்மா, நான் சொல்லுறன். இவருக்கு அரசியல் ஒண்டும் தெரியாது. மைக் ஒண்டைக் கண்டா ஏறிவிடுவார், அவ்வளவுதான். எங்கட பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ர கலியாணத்தில மாப்பிள்ளை பகுதிக்காகவும் பேசினவர், பொம்பிளை பகுதிக்காகவும் பேசினவர். ஒருத்தரும் கேக்கேல்லை. வேணுமெண்டா அவர் என்ன பேசினவரெண்டு பாருங்கோ."

கட்சிக்காரர்கள் எல்லாவற்றையும் முகநூலில் போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் தொலைபேசியை மேசையில் சாய்த்து வைத்தார். நான்கு நிமிடமும் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டு மறுபடியும் பார்த்தார்.

"யோவ், இதுல அரசியல் எங்கய்யா இருக்கு? முன் டயருக்கு எவ்வளவு காத்து, பின் டயருக்கு எவ்வளவு காத்துன்னு சொல்லிட்டிருக்காரு. இதுக்கா இவ்வளவு கைதட்டல்?"

மற்றவர் யோசித்துவிட்டு, "உபயோகமாத்தான் இருக்கு மேடம்" என்றார்.

வாக்குமூலம் எழுதி, கையெழுத்து வாங்கி, நேரே குன்னூர், வழியில் எந்த மேடையிலும் ஏறக் கூடாது என்று எச்சரித்து அனுப்பும்போது மணி இரண்டு. நான்கு மணித்தியாலம், நூற்றைம்பது கிலோமீற்றர், கடைசியில் மலை. சாப்பிடவில்லை. அண்ணை மாலையைக் கழற்றிவிட்டு முன்னால் போனார், துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு. கையால் ஒரு சைகையும் காட்டவில்லை.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கும்போது ஐந்தேகால். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், இரண்டு பேரையும் ஒரு மருந்துப் பெட்டியையும் அந்தக் கோப்பையும் சுமந்த அண்ணையின் ஸ்கூட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. கிளறன்ஸ் உடனே இறங்கிக் கருவிப் பையை அவிழ்த்தான்.

"ஸ்பனரை உள்ளுக்கு வையும்" என்றார் அண்ணை.

"அரை மணித்தியாலத்துல சரி பண்ணிடலாம் அண்ணே."

"அரை மணித்தியாலம் உம்மட்ட இல்லை. நீர் போம். நீங்கள் மூண்டு பேரும் போங்கோ."

"ஆர் முன்னுக்குப் போறது?" என்று கேட்டான் உமாசுதன். கேலியாகக் கேட்கவில்லை. ஆறு வருடத்தில் எழாத கேள்வி அது.

"கிளறன்ஸ் போகட்டும்" என்றார் அண்ணை. ஒரு பல்லைப் பிடுங்கக் கொடுத்தவரின் முகம் அப்படித்தான் இருக்கும்.

குன்னூரில் பதிவு மேசையை அடைந்தபோது ஆறு இருபது. எல்லா மேசைகளையும் மடித்துவிட்டார்கள், ஒன்றைத் தவிர. அதன் பின்னால் ஒருவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கொழும்பு டீமா? வாங்க. உங்க கேப்டன் பதினேழு தடவை போன் பண்ணிட்டார். மேசையை மடிச்சா பதினெட்டாவதும் பண்ணுவேன்னார். எழுதுங்க சார், சீக்கிரம்."

உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் கிளறன்ஸ் தன் அப்பாவின் பெயரை எழுதினான். "அவர் வந்திருக்காரா?" என்று கேட்டார் மேசைக்காரர்.

"வண்டி வந்திருக்கு" என்றான் கிளறன்ஸ்.

ஏழரைக்குக் காய்கறி லொறி ஒன்று வந்து நின்றது. பின்னால் ஸ்கூட்டர். முன்னால் அண்ணை, அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த ஓட்டுநருக்கு எந்த இடத்தில் திரும்ப வேண்டுமென்று காட்டியபடி. அக்கா இறங்கும்போது சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தா. "கிளறன்ஸ் பதிஞ்சிட்டாரோ?" என்றுதான் அண்ணை முதலில் கேட்டார். ஓம் என்றதும், லொறியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கிளறன்ஸின் வண்டிக்கு மூன்றாமிடம் கிடைத்தது. கொழும்பு அணி மேடைக்கு வரவும் என்றதும், அண்ணை பழக்கதோஷத்தில் எழுந்து இரண்டடி வைத்துவிட்டார். பிறகு நின்று, "நீர் போம்" என்று கிளறன்ஸின் முதுகில் தட்டினார். கிளறன்ஸ் மேடையில் "நன்றி" என்றான். அவ்வளவுதான். கேடயத்தைப் பிடித்தபடி இறங்கி வந்தான்.

"இன்னும் ரெண்டு வசனம் சொல்லியிருக்கலாம்" என்றார் அண்ணை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கொழும்பு திரும்பியதும் வருடாந்தக் கூட்டத்தில் அறிக்கை வாசித்தார். தமிழகத்தில் பொதுக்கூட்டமொன்றில் வீதிப் பாதுகாப்புப் பற்றி உரையாற்ற அழைக்கப்பட்டாராம். பின்னர் மூத்த பொலிஸ் அதிகாரி ஒருவருடன் பயனுள்ள சந்திப்பு இடம்பெற்றதாம். அடுத்தது பாங்கொக் என்றார். நாங்கள் எல்லோரும் கை உயர்த்தினோம். ஏன் உயர்த்தினோம் என்று கிளறன்ஸிடம் கேட்டேன். "அவரு இல்லாட்டி நாம இன்னும் பம்பலப்பிட்டியில டீ குடிச்சிட்டுத்தானே இருப்போம்" என்றான்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. நுவரெலியாவுக்குக் குடும்பத்தோடு போகும்போது, வான் வண்டியின் முன் ஆசனம் யாருக்கு என்ற பேச்சே உங்கள் வீட்டில் எழுவதில்லையா? பொருட்களை அடுக்கியவர் வேறொருவராக இருந்தும், நீங்கள் ஒருமுறை இறக்கி மறுபடி அடுக்கியதுண்டா? அது போகட்டும். இதை வாசித்துக்கொண்டு வரும்போது, தூத்துக்குடியிலிருந்து குன்னூருக்குப் போக இதைவிட நல்ல பாதை ஒன்று இருக்கிறதே என்று எந்த இடத்திலாவது உங்களுக்குத் தோன்றியதா?

தோன்றியிருந்தால் பரவாயில்லை. வீட்டில் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.