குட்டியின் விசில் சத்தம்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அங்கு நலமா என்று கேட்டால் முழங்கால் வலியில் ஆரம்பித்து நான்கு பக்கம் எழுதுவாய் என்பதால் கேட்கவில்லை. போனில் என்னைப் பேச விடமாட்டாய், ஆகவே கடிதம். லீவுக்குக் குட்டியை அனுப்பச் சொன்னாய். அனுப்புகிறேன். அதற்கு முன் ஒரு விஷயம். பயப்படாதே, எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

நாலு வயதுப் பிள்ளை ஓடாமல் ஆடாமல் உட்கார்ந்திருப்பாளே, "என்ன சமர்த்து, அப்பன் மாதிரி இல்ல"ன்னு நீகூட மெச்சுவாயே. சிரித்தால் இருமுவாள், படுத்தால் இருமுவாள், சளி என்று விட்டுவிட்டோம். போன மாதம் ஒருநாள் மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். சத்தத்தை வைத்தே இன்ஜின் கோளாறைச் சொல்கிற மெக்கானிக் நான், இதைக் கண்டுபிடிக்க மாட்டேனா? பட்டறையில் செய்வதுபோல நீள ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதிலும் நுனியைக் குட்டியின் முதுகிலும் வைத்துக் கேட்டு, "ஒண்ணுமில்ல, மூக்கடைப்பு" என்று தீர்ப்புச் சொன்னேன். "அது பிள்ளையா, பிஸ்டனா?" என்று என் மனைவி ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி எறிந்தாள். "வாயாலதான் மூச்சு விடுறா, மூக்கடைப்பாம்! விலாவைப் பாருங்க, எப்படி உள்ள போகுதுன்னு!" பார்த்தேன். குட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா உடனே மருந்தை இழுக்க வைத்தார். விலா அடங்கியது. பிறகு கேள்வி மேல் கேள்வி. ராத்திரி இருமுறாளா? சளி பிடிச்சா இழுக்குதா? வீட்ல யாருக்காவது ஆஸ்துமா உண்டா? "எங்க பரம்பரையிலேயே கிடையாது!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். "பனி விழுந்தா உங்க அக்காவுக்கு இழுக்குமே" என்று மனைவி போட்டுக் கொடுத்தாள். கோபித்துக்கொள்ளாதே, உன்னையும் எழுதிக்கொண்டார்கள். "ஆஸ்துமா மாதிரிதான் தெரியுது. ஊதிப் பார்க்கிற டெஸ்ட் இந்த வயசுல சரியா வராது. தினமும் இன்ஹேலர் குடுத்துப் பார்ப்போம், மருந்து கேட்டுச்சுன்னா ஆஸ்துமாதான்" என்றார். அடடா, வண்டியின் ஸ்பார்க் பிளக்கை மாற்றி ஓட்டிப் பார்க்கிற நம் பட்டறை வழி! டாக்டர் மேல் மதிப்பு கூடிவிட்டது. "ஓடினா இருமுறாளா?" என்றார். "அவ ஓடவே மாட்டா டாக்டர், சமர்த்து" என்றேன். "ஓடினா மூச்சு முட்டும்னு தெரிஞ்சு உட்கார்ந்திருக்கா" என்றார். அக்கா, அங்கேயே அழுதுவிட்டேன். பிள்ளை மூச்சுக்குத் தவித்திருக்கிறாள், நான் ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன்.

இப்போது இருமல் குறைந்திருக்கிறது. ஆனால் மருந்து முழுசாகக் கேட்கிறதா என்று தெரியவில்லை, ஓடத்தான் மாட்டேன் என்கிறாள். இன்ஹேலர், அதை மாட்டுகிற குழாய், முகமூடி எல்லாம் பையில் வைக்கிறேன். ஒருவேளையும் விடாதே, கொடுத்தபின் வாய் கொப்பளிக்கச் சொல். மாமாவின் சிகரெட் வீட்டுப் பக்கமே வரக்கூடாது. மற்றபடி குட்டியால் ஒரு தொந்தரவும் இல்லை. வைத்த இடத்தில் இருப்பாள், நான் பொறுப்பு.

மாமாவுக்கு வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

அன்புத் தம்பி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் ஒரு சம்பவம். நான் பொறுப்பு என்று எழுதியதை அடித்துவிடு. கண்ணாடிச் சாமான்களையெல்லாம் பரண்மேல் ஏற்றிவிடு. குட்டி தெருப் பிள்ளைகளைத் துரத்திக்கொண்டு ஓடி, அடுத்த வீட்டுக்காரர் கார் மேல் ஏறிக் குதித்து, பக்கக் கண்ணாடியை ஒடித்துவிட்டாள். இருமல் இல்லை, இழுப்பு இல்லை. "பிள்ளையைக் கண்டிக்க மாட்டீங்களா?" என்று அந்த மனிதர் வாசலில் நின்று கத்துகிறார். "அப்பா, இன்னொரு தடவை ஓடட்டா?" என்கிறாள் இவள். ஓடும்மா என்று சொல்லிவிட்டேன்.