நாலு ஓட்டை ஆபரேசன்

"மொதல்ல இந்தக் கட்டை அவுத்துத் தொலை சௌந்திரம்! அக்கா காரு ராசிபுரம் தாண்டிருச்சாம்!"

சென்னியப்பன் வயிற்றில் சுற்றியிருந்த பழைய வேட்டியை இரண்டு கையாலும் பிடுங்கினார். அவருடைய பெருங்குடலில் இருந்த கட்டியை டாக்டர் நாலு ஓட்டை போட்டே எடுத்துவிட்டார். ஊருக்கு அது போதவில்லை. சாத்துக்குடியோடு பார்க்க வந்தவர்களெல்லாம் பெரிய காயத்தைக் காணாமல், "நெசமாலுமே ஆபரேசன்தானுங்களா?" என்று இழுத்தார்கள். மானம் போகிறதே என்று மனைவி சௌந்திரம்தான் வேட்டியைக் கிழித்து மொத்தமாகக் கட்டுப்போட்டு வைத்திருந்தாள்.

அக்கா அங்காளம்மாள் விஷயம் வேறு. கூடப் பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ளட்டும் என்று டாக்டர் சொல்லப்போக, அவளுக்கும் அதே கட்டி இருப்பது தெரிந்தது. "நீ மொதல்ல பொழச்சு வா சாமி, அப்பறம் பாக்கலாம்" என்று நழுவிவிட்டாள். இன்றைக்கு எப்படியாவது அவளைச் சம்மதிக்க வைத்தாக வேண்டும். இருப்பது ஒரே அக்கா.

கார் வந்து நின்றது. அக்காவின் மருமகள் பிரீத்தி போனும் கையுமாகக் காரிலேயே இருந்துவிட்டாள். அங்காளம்மாள் மெதுவாக இறங்கி வந்தாள்.

"சேலத்துல ஒரு சோலி. போற வழில உன்னையப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"வாங்க நங்கையா, கட்டில்ல உக்காருங்க" என்று நாத்தனாரை வரவேற்றாள் சௌந்திரம்.

"வேண்டாம்மா, அந்த ஒசரச் சேரே போதும்."

சென்னியப்பன் சட்டையைத் தூக்கினார். "பாருக்கா! மறுநாளே நடக்க வச்சுட்டாங்க!"

"ஏஞ் சாமி, கொசுக் கடிச்சாப்ல இருக்குது. இதுலயா கட்டி வெளிய வந்துச்சு?"

"ஒண்ண மட்டும் கொஞ்சம் அகலமாக்கி எடுத்தாங்கக்கா. நம்ப மாட்டியா? இரு!"

பக்கத்து வீட்டு விசைத்தறிக்காரர் குழந்தைவேலுக்கும் அதே கட்டிதான். வயிற்றைத் திறந்து எடுத்தது. தழும்பைக் காட்டக் கூப்பிட்டால் அவர் தறியை நிறுத்திவிட்டே வருவார். வந்தார், சட்டையைக் கழற்றினார். மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு.

"இதல்லவா ஆபரேசன்!" என்றாள் அக்கா.

சென்னியப்பன் குறுக்கே பாய்ந்தார். "முழுசாச் சொல்லுங்க குழந்தைவேலு!"

"கட்டி போறதுல ரெண்டும் ஒண்ணுதானுங்க. நானும் நல்லாத்தான் இருக்கறேன். ஆனா எந்திரிச்சு நடமாட எனக்கு ரொம்ப நாளாச்சு. தும்முனா உசுரு போயிரும். என்ற சம்சாரம் ஊட்ல மொளகா வறுக்கறதயே விட்டுட்டாளுங்க!"

அக்கா சிரிக்க ஆரம்பித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, சிரிக்க வெக்காதீங்க!"

சிரித்தாளே தவிர, சரியென்று ஒரு வார்த்தை வரவில்லை. சென்னியப்பனுக்கு ஆவேசம் வந்துவிட்டது. மூலையில் கிடந்த கோழித்தீவன மூட்டையைக் கட்டிப்பிடித்தார்.

"இதத் தூக்கிக் காட்டறேன். அப்பவாவது நம்புவியா?"

"கீழ விடுடா!" அக்கா போட்ட சத்தத்தில் சௌந்திரம் காபியைக் கொட்டிவிட்டாள். "வெளியதான் ஓட்டை சின்னது. உள்ள கொடல வெட்டித் தச்சிருக்குதல்ல, அது ஆற வேண்டாமா? கனம் தூக்குனா கொடலெறக்கம் வந்துரும்னு டாக்டர் சொன்னாரா, இல்லியா?"

"எல்லாந் தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஏன்க்கா மாட்டேங்கற?" சென்னியப்பன் அழுதேவிட்டார். "எனக்கு நீ வேணும்க்கா. நீ சரின்னு சொல்ற வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்!"

அக்காவின் கண்ணும் கலங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பிரீத்தி வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அத்தை, போலாங்களா? உங்க தையலப் பிரிக்க டாக்டர் வந்துட்டாராம்!"