ஓடாத காரின் விலை

“இது ஓட்டறதுக்கு வாங்கினது இல்ல மாப்ள, இது வந்து…” என்று தாய்மாமா அடிக்கடி சொல்வார். வேறு எதற்கு வாங்கியது என்பதையும் கூடவே சொல்வார். அந்தப் பின்பாதிதான் ஆடிட்டருக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பிள்ளைகுட்டி இல்லாத மாமா, காரை மருமகனுக்கு எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கையில் மிஞ்சிய முன்பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஆடிட்டர் பல வருடமாக அந்தக் காரை ஓட்டாமல் இருந்தார்.

சாதாரணக் கார் இல்லை. பந்தயக் கார் ஜாதி. உலகத்துக்கே மொத்தம் நூற்றைம்பதுதான் செய்தார்களாம். கியருக்குப் பக்கத்தில் சின்ன வெள்ளித் தகட்டில் ‘88’ என்று பொறித்திருக்கும். ஷோரூமிலிருந்து மாமா வீட்டுக்கு ஓட்டி வந்த தூரம், அங்கிருந்து இங்கே வந்த தூரம், இவ்வளவுதான் மீட்டரில். இந்த ரகக் கார்களுக்கு ஒரு விசித்திரம் உண்டு. ஓடினால் விலை இறங்கும். நின்றால் ஏறும். சும்மா இருப்பதற்குச் சம்பள உயர்வு வாங்கும் ஒரே ஜீவன் அதுதான் என்று ஆடிட்டருக்கு அதன்மேல் தனி மரியாதை.

குடியிருப்பு மாடியில். கீழே ஷட்டர் போட்ட ஒரே ஒரு பெரிய அறை. அதில் ஃபேனுக்கு அடியில் கார். ஞாயிற்றுக்கிழமை ஆடிட்டர் இறங்கிப் போய், போர்வையை விலக்கி, கைக்குழந்தையைத் துவட்டுவதுபோல் துடைப்பார். உள்ளே உட்கார்ந்து எஞ்சினைக் கொஞ்ச நேரம் உறுமவிடுவார். கண் லேசாகக் கலங்கும். அணைத்துவிட்டு மாடிக்கு வந்துவிடுவார். ஆபீசுக்குப் போவது வெயிலில் வெளுத்த ஒரு சின்னக் காரில். அது வெளியே, ஷட்டருக்குக் குறுக்கே, காவல் நாய் மாதிரி கிடக்கும்.

மனைவி பிசியோதெரபிஸ்ட். வைத்தியமெல்லாம் மாடி ஹாலில். ஆடிட்டர் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே யாருடைய காலாவது அந்தரத்தில் இருக்கும். அதெல்லாம் பழகிவிட்டது. ஒருநாள் மூட்டுவலிக்கார டீச்சர் ஒருவர் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மனைவி படியிலேயே வைத்தியம் பார்த்து அனுப்பிவிட்டு, நேராக ஆடிட்டர் முன்னால் வந்து நின்றாள்.

“மூட்டு வலிக்காரங்க மாடி ஏறி வராங்க. நாலு சக்கரம் வச்சிருக்கறது கீழ ஃபேன் போட்டுத் தூங்குது. எந்த ஊர் நியாயம்ங்க இது?”

“அது கார் இல்லம்மா. சொத்து.”

“கார்னா ஓட்டணும். சொத்துன்னா வித்துக் காசாக்கணும். நீங்க ரெண்டும் செய்யறதில்ல. கீழ் அறைய எனக்குக் கொடுங்க. அத வெளில நிறுத்துங்க.”

“வெயில்லயா? பெயின்ட் என்னத்துக்கு ஆகும்?”

“சின்னது நிக்குதே.”

“அது வெறும் கார்.”

“சரி. அப்ப சொத்த வித்துடலாம். என்ன விலை போகும்?”

அரை நிமிடத்தில் ஆடிட்டருடைய மூளை இருபது வருட அனுபவத்தையும் ஒரே இடத்தில் கூட்டி, கீழே இரட்டைக் கோடு போட்டுவிட்டது. விற்க மாட்டேன் என்று சொன்னால்தானே சண்டை? விற்கிறேன் என்று சொல்லி, யாரும் கிட்டே வர முடியாத விலையைப் போட்டுவிட்டால்?

“விளம்பரம் கொடுத்துடறேன்” என்றார், பெரிய தியாகிபோல. “இந்த மாசத்துக்குள்ள யாராவது வந்தா வித்துடறேன், அறை உனக்கு. வரலன்னா, கீழ் அறைங்கற பேச்சே இந்த வீட்ல எழக்கூடாது. சம்மதமா?”

“அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?”

“நான் எழுதின நம்பர என்னிக்காவது மாத்தியிருக்கேனா?”

இதே ரகத்தில் இன்னொன்று போன வருடம் ஒன்றரைக் கோடிக்குப் போயிருந்தது. ஆடிட்டர் மூன்று கோடி என்று போட்டார். பேரம் பேசுகிறவர்கள் கூப்பிட வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார். விளம்பரத்தை மனைவியும் படித்தாள். கிழவர் ஒருவரின் கழுத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தவள், அந்தப் பக்கம் திருப்பினாள். அவ்வளவுதான்.

மாதம் முடிய ஒரே நாள் பாக்கி. ஆடிட்டர் சீட்டியடித்தபடி ஷேவ் செய்துகொண்டிருந்தார். அழைப்பு மணி அடித்தது.

வெள்ளை ஷூ போட்ட ஒருவர் நின்றார். கையில் டார்ச்சும், நீளக் கம்பியில் கட்டிய சின்னக் கண்ணாடியும். “கார் பார்க்க வந்தேன்” என்றார்.

கீழே போனதும் காரைச் சுற்றி மெதுவாக நடந்தார். ஒரு இடத்திலும் குனியவில்லை. கண்ணாடியைக் கம்பியோடு காருக்கு அடியில் நீட்டி, நிமிர்ந்து நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தார். தொழில் தெரிந்தவன் நிற்கும் நிலையைப் பார் என்று ஆடிட்டர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

“விலை பாத்தீங்கல்ல?” என்றார் நம்பிக்கையோடு. “ஜாஸ்தியா தெரியலாம்.”

“பரவாயில்ல.”

“இன்ஷூரன்ஸ் வேற தனி.”

“இருக்கட்டும்.”

“போர்வைக்கும் தனியா ஆகும்.”

“கொடுத்துடலாம். நான் விலை கொடுக்கறது காருக்கு இல்லைங்க. அந்த மீட்டருக்கு. கார் சும்மா கூட வருது.” டார்ச் வெளிச்சம் மீட்டரில் போய் நின்றது. “நாளைக்குப் பத்து மணிக்குப் பணத்தோட வரேன். இந்த நம்பர் இப்படியே இருக்கணும். கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் எனக்கு வேண்டாம்.”

அவர் போன பிறகும் ஆடிட்டர் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நல்ல மனுஷன்” என்றாள் மனைவி. “பேரமே பேசல.”

“அவசரப்படக் கூடாதும்மா. ஆள் யார், என்னன்னு…”

“நம்பர மாத்தாத ஆளாச்சே நீங்க.”

அன்று ஆடிட்டருக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தால் கண்ணுக்குள் அந்த டார்ச்சே அடித்தது. விற்க மாட்டேன் என்றால் வாக்குப் போகும். விற்றால் கார் போகும். விடியும் நேரத்தில்தான் வழி தெரிந்தது. வாங்குகிறவனே வேண்டாம் என்று ஓடிவிட்டால்? அதற்கான சாவியை வெள்ளை ஷூக்காரரே கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த நம்பர் நகர வேண்டும். அவ்வளவுதான்.

மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து இறங்கினார். என்றைக்கும் கீச்சிடும் ஷட்டர் வெண்ணெய்போல் ஏறியது. குறுக்கே கிடக்கும் சின்னக் கார் அன்று பார்த்து எதிர்ப்பக்கம் நின்றது. தெய்வம் நம் பக்கம் என்று நினைத்துக்கொண்டார். டயரில் காற்று இருந்தது. டாங்க் நிறையப் பெட்ரோல் இருந்தது. தெய்வம் பெட்ரோல் போடுமா என்று யோசிக்க நேரம் இல்லை.

தெருமுனையில் வேகத்தடை.

காரின் வயிற்றுக்கும் ரோட்டுக்கும் ஒரு கை இடைவெளிதான். பின்னால் பள்ளிக்கூட வேன் ஒன்று வந்து ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஆடிட்டர் கைகாட்டிப் பொறுக்கச் சொன்னார். காரைக் கோணலாகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினார்.

“சார், தூக்கி விடணுமா?” வேன் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“தொடாதீங்க!”

கர்ரக் என்று அடிவயிற்றில் ஒரு சத்தம். காருக்கா தனக்கா என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ஒரு சத்தத்துக்கு எத்தனை லட்சம் குறையும் என்று மட்டும் மனம் தானாகக் கணக்குப் போட்டது. நெடுஞ்சாலைக்கு வந்ததும் முதல் கிலோமீட்டர் நகர்ந்தது. சொந்தப் பல்லைச் சொந்தக் கையால் பிடுங்குவதுபோல் இருந்தது. இரண்டாவது, மூன்றாவது. பத்துக்குப் பிறகு பல் வலிக்கவில்லை. அப்புறம் எப்போதோ மீட்டரைப் பார்க்கவே மறந்துபோனார். ஜன்னலை இறக்கிவிட்டார். காற்று முடியைக் கலைத்தது, இருந்த மட்டும். ஒரு லாரியை முந்தினார். இன்னொன்றையும் முந்தினார். திரும்ப வேண்டிய இடம் தாண்டிப் போய், அதற்கு அடுத்த இடமும் தாண்டிப் போய், மணியைப் பார்த்ததும்தான் பதறிக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

வழியெல்லாம் வசனம் தயாரித்தார். ‘மன்னிக்கணும். மீட்டர் நகர்ந்திடுச்சு. வேற இடம் பாருங்க.’ சோகமாகச் சொல்ல வேண்டும். சிரிப்பு வந்துவிடக் கூடாது.

வீட்டு முன்னால் வந்து நின்றபோது பத்து தாண்டியிருந்தது. ஷட்டர் திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு நீளக் கட்டில். பச்சைத் திரை. சுவரில் எலும்புக்கூட்டுப் படம். மூட்டுவலி டீச்சர் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கட்டிலில் ஒருவர் குப்புறக் கிடந்தார். கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி வெள்ளை ஷூ.

“நல்லா ஓடுதுங்களா வண்டி?” என்று தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“நீங்க… கார் வாங்க…”

“எனக்கு டைல்ஸ் கடைங்க. வைத்தியத்துக்கு நீங்க ஆபீஸ் போனப்புறம்தான் வருவேன். கார் எல்லாம் எங்க? குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்கும். டாக்டரம்மாதான் கம்பில கண்ணாடி கட்டிக் கொடுத்தாங்க.”

மனைவி அவர் இடுப்பில் முழங்கையை வைத்து அழுத்தினாள். அவர் “அம்மா” என்று அடங்கினார்.

ஆடிட்டர் வாசலிலேயே நின்றார். “அப்ப ஷட்டருக்கு எண்ணெய்?”

“நான்தான்.”

“பெட்ரோல்?”

“அதுவும்தான். பாதி வழில நின்னுட்டீங்கன்னா பாவமா இருக்காது?”

“நான் ஓட்டாம இருந்திருந்தா?”

“மூணு கோடிக்கு வாங்க ஆள் வந்ததும் உங்க மூஞ்சி போன போக்க நான் பாத்தேனே.” கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். காரை ஒரு சுற்று பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “முடியெல்லாம் கலஞ்சு கிடக்கு. எவ்வளவு வேகம் போனீங்க?”

“கொஞ்சம்.”

“சாயந்தரம் என்னையும் கூட்டிட்டுப் போங்க.”

“இத எங்க நிறுத்தறது?”

“சின்னது நின்ன இடத்துல. மீட்டர் நகர்ந்துடுச்சே, இனிமே இதுவும் வெறும் கார்தானே.”

“சின்னத எங்க நிறுத்தறது?”

“டீச்சரோட பையன் கேட்டிருக்கான். நல்ல பையன். நான் ஒண்ணும் சொல்லல. விலை நீங்க போடுங்க, அதுல உங்களுக்குத்தான் அனுபவம்.”

டீச்சர் பேப்பரை மடித்துவிட்டு ஆடிட்டரை ஏறிட்டுப் பார்த்தார்.

ஆடிட்டர் பையன் கேட்ட விலைக்கே சின்னக் காரைக் கொடுத்துவிட்டார்.