மூடி வெச்ச லேப்டாப்பும் முழிச்சிட்டு நின்ன மாப்பிள்ளையும்

அன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு லேப்டாப்பைக் கால்மணி நேரம் பாத்துக்கணும்.

தொடக்கூடாது. சும்மா பாத்துக்கணும். நாய், கோழி, எங்க வீட்டுக்காரர், இந்த மூணும் கிட்ட வராம பாத்துக்கணும். அவ்ளோதான்!

இதுல என்ன தப்பு நடக்கும்னு கேக்குறீங்களா? எங்கிட்ட குடுத்ததே தப்புதான்.

சுனாமி வந்துட்டுப் போயி ஒண்ணரை வருஷம் இருக்கும். மரக்காணத்துல எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு தொண்டு நிறுவனம் ஆபீஸ் போட்டிருந்தாங்க. என் கடைசிப் பொண்ணு ரோசிக்கு அங்க கம்ப்யூட்டர் வேலை. லேப்டாப்பை வீட்டுக்கும் எடுத்துட்டு வருவா. ஒயரே கிடையாது! ஆபீஸ் மாடியில ரெண்டு கொம்பு வெச்ச ஒரு டப்பா. அதுல இருந்து இன்டர்நெட் காத்துலயே கெளம்பி, எங்க ஜன்னல் வரைக்கும் வந்து நிக்கும். அடுப்படிக்கு வராது. எங்க வீட்டு ஆம்பளைங்க மாதிரியே.

அந்த ரோசிக்கு ஒரு இடம் வந்துது. பையன் பேரு அந்தோணி. கப்பல்ல மெக்கானிக். அதுக்கு முன்னாடி நாலு பேரை வேணாம்னு சொன்னவ இவ. ஒருத்தன் காது பெருசுன்னா, ஒருத்தன் சிரிக்கவே மாட்டேங்கிறான்னா. இந்தப் பையன் போட்டோவைப் பாத்துட்டு மட்டும் ஒண்ணும் சொல்லல. பைபிளுக்குள்ள வெச்சுக்கினா. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

சிக்கல் என்னன்னா, கப்பல் அன்னைக்கு சிங்கப்பூர்ல நிக்குது. பையன் கரைக்கு வந்து, ஒரு பிரவுசிங் சென்டர்ல உக்காந்து, கேமராவுல பொண்ணு பாப்பான். நம்ம டைமுக்கு நாலு மணிக்குள்ள அவன் கப்பலுக்குத் திரும்பணும். விட்டா பதினெட்டு நாளுக்குக் கடல்தான். போனும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.

"ஆபீஸ்லயே வெச்சுக்கலாமே, அங்க லைன் நல்லா இருக்கும்"னு ரோசி சொன்னா.

பையனோட அம்மா லூர்தம்மா ஒத்துக்கல. வானூர்ல இருந்து போன்ல கத்துனாங்க. "பொண்ணை வீட்டுல வெச்சுதான் பாக்கணும். ஆபீஸ்ல உக்கார வெச்சா வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி இருக்கும்!"

சரின்னு ரோசி எங்க ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு, மேல பூப்போட்ட துணி விரிச்சு, லேப்டாப்பைத் தெறந்து வெச்சா. அதும் தலையில கோலிக்குண்டு சைசுல ஒரு கேமரா, கிளிப் போட்டு மாட்டினா. "அம்மா, எல்லாம் ரெடி. தொடாத. நான் பொடவை கட்டிட்டு வர்றேன்"னு உள்ள போனா.

நான் உக்காந்தேன். பாத்தேன்.

இங்க ஒண்ணு சொல்லணும். எங்க ஊருல உப்புக் காத்து தின்னாத சாமான் கிடையாது. என் தம்பி சைக்கிள் வாங்குனான். மூணாவது வருஷம் ஹேண்டில்பார் தனியா கையோட வந்துடுச்சு, அவன் தனியா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டான். நான் வேற இருவது வருஷம் உப்பளத்துல உப்பு வாரினவ. வானம் கறுத்துச்சுன்னா, பெத்த புள்ள அழுதாலும் விட்டுட்டு ஓடி, மொதல்ல உப்புக் குவியலை ஓலை போட்டு மூடுவோம். மூடிட்டுதான் மறுவேலை. அந்தக் கை இது. சொம்பு தெறந்திருந்தா மூடும், சட்டி தெறந்திருந்தா மூடும். கொட்டாவி விடுற பேரன் வாயைக்கூட ஒரு நாள் மூடியிருக்கு.

ஜன்னல்ல காத்து வேற குபுகுபுன்னு வருது. ஆபீஸ் சாமான், இப்படி ஆன்னு வாயைத் தெறந்துட்டு நிக்குது. மனசு கேக்குமா?

கேமராவை மெதுவா கழட்டி ஓரமா வெச்சேன். மூடியை அழகா சாத்தினேன். மேல ஒரு துண்டையும் போட்டேன்.

ரோசி வந்தா. துண்டைப் பாத்தா.

"யாரு மூடினது?"

"காத்துல மூடிக்கிச்சும்மா."

"காத்துதான் கேமராவைக் கழட்டி வெச்சு, துண்டு போத்துச்சா?"

சில கேள்விக்கு பதில் சொல்லாம இருக்கறதுதான் மரியாதை.

அவ தெறந்தா. வெளிச்சம் வந்துது. ஆனா ஓரத்துல ஒரு குட்டிப் படம், அதும்மேல செவப்புல பெருக்கல் குறி. இன்டர்நெட் போயே போச்சு!

"மூடினா இது தூங்கிடும்மா. எழுந்திரிக்கும்போது ஸ்க்ரீன் எழுந்திரிக்கும், வயர்லெஸ் எழுந்திரிக்காது."

அது எனக்கு நல்லாவே புரிஞ்சுது. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். கண்ணு முழிச்சுக்கும், காது முழிக்காது.

ரிப்பேருன்னு ஒண்ணை அழுத்தினா. ஒரு பச்சைக் கோடு ஓடி ஓடிப் பாத்துட்டு, முடியலன்னு கையை விரிச்சிடுச்சு. அப்புறம் மொத்தமா அணைச்சுப் போட்டா. அது எழுந்து வர பத்து நிமிஷம். ஆனா வந்துது! ரெண்டு கோடு சிக்னல். கேமராவை மாட்டினா. என்னைப் பாத்து ஒரு விரலை மட்டும் நீட்டினா. எனக்குப் புரிஞ்சுது.

அப்பதான் லூர்தம்மா ஆட்டோவுல வந்து எறங்குனாங்க. நல்ல ஆகிருதி. உக்காந்த உடனே ஆரம்பிச்சாங்க. "அவன் நாலு மணிக்குள்ள கப்பலுக்குப் போயிடணும். இன்னைக்கு இது நடக்கலன்னா வருத்தப்படாதீங்க. எங்க ஒண்ணுவிட்ட தம்பி பொண்ணு ஒண்ணு இருக்குது. அதை அவன் சின்ன வயசுலயே பாத்திருக்கான். கேமரா கீமரா ஒண்ணும் தேவையில்ல."

ரோசி மூஞ்சி செத்துப்போச்சு.

"சரி, நல்ல காரியம். ஒரு ஜெபம் சொல்லிட்டு ஆரம்பிப்போம்"னாங்க லூர்தம்மா.

எல்லாரும் எழுந்து நின்னோம். எங்க வீட்டுல ஜெபம்னா டிவியை அணைச்சிடணும், அது என் சட்டம். கண்ணை மூடிக்கினேன். பிதா சுதன்னு சிலுவை போட்ட கை, அப்படியே எறங்கி வந்து...

டக்.

நான் வேணும்னு செய்யல! சத்தம் கேட்டுத்தான் எனக்கே தெரிஞ்சுது. கேமரா கிளிப்போட கீழ விழுந்து, லூர்தம்மா கால்கிட்ட உருண்டுச்சு.

ரோசி ஆமென் சொன்னா பாருங்க, அப்படி ஒரு ஆமெனை நான் எந்தக் கோயில்லயும் கேட்டதில்ல. பல்லுக்கு நடுவுல வந்துது.

தெறந்தா மறுபடியும் செவப்புப் பெருக்கல் குறி. மணி மூணு முப்பத்தஞ்சு. லூர்தம்மா செல்லுல பையன் மெசேஜ் அனுப்புறான்: "எங்க ஆளையே காணோம்?"

அதுக்கப்புறம் ஆளாளுக்கு டாக்டர்! லூர்தம்மா, "கிழக்குப் பாத்து வெச்சுப் பாருங்க"ன்னாங்க. எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் கேக்காம விறுவிறுன்னு மாடி ஏறிட்டாரு. ஏறி, டிவி ஆன்டெனாவைத் திருப்ப ஆரம்பிச்சுட்டாரு.

"வருதா?"

"வரல!" நானும் ஜன்னல்ல தலையை விட்டுக் கத்தினேன். "இன்னும் கொஞ்சம் பாண்டிச்சேரிப் பக்கம் திருப்புங்க!"

"இப்போ?"

"வரல!"

"அம்மா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!"ன்னா ரோசி.

"சம்பந்தம் இல்லன்னு அவருக்குத் தெரிஞ்சா எறங்கி வந்துடுவாரும்மா. மேலயே இருக்கட்டும்."

ரோசி ஆபீஸ்ல இருக்கிற கீதாவுக்குப் போன் போட்டா. கீதா இன்ஜினியர் படிச்ச பொண்ணு. "மறுபடி அணைச்சுப் போட நேரமில்ல, இங்க எடுத்துட்டு வா, ஒயரை நேரா சொருகிடலாம். பொண்ணு பாக்குற பக்கத்தைத் தெறந்தே வெச்சிரு. வழியில மூடிடாத"ன்னு சொல்லுச்சு.

ரோசி தூக்கப் போனா. லூர்தம்மா தடுத்துட்டாங்க. "பட்டுப் பொடவை கட்டின பொண்ணு ரோட்டுல சாமான் தூக்கிட்டுப் போறதா? அவங்க அம்மா தூக்கட்டும்."

வீட்டுலயே தூக்கக்கூடாத ஆளு யாரோ, அவ கையில வந்துது.

அடியில சுடுது. அதனால பித்தளைத் தாம்பாளத்துல வெச்சேன். கேமரா மேல, தாம்பாளம் என் கையில, முன்னாடி நான். பின்னாடி பட்டும் பூவுமா ரோசி. அதுக்குப் பின்னாடி லூர்தம்மா. தெருவுல எறங்கினோம்.

யோசிச்சுப் பாருங்க. தாம்பாளம், பட்டுப் பொடவை, வெளியூர்க்காரம்மா. பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?

எதிர்வீட்டு மேரி வாசலுக்கே ஓடி வந்துட்டா. "ஏன் பிலோமினாக்கா, ரோசிக்கு நிச்சயமா? ஒரு வார்த்தை சொல்லலியே! நாங்கல்லாம் செத்தாப் போயிட்டோம்?"

"நிச்சயம் இல்லடி, நெட்டு வரல!"

"எது வரலன்னா என்னா, நான் வர்றேன்"னு சேந்துக்கினா.

ரெண்டாவது வீடு வர்றதுக்குள்ள பதினஞ்சு பேரு. மூணாவது வீட்டுல முப்பது. லேப்டாப்பை எட்டிப் பாத்துட்டு ஒரு கெழவி, "சீர்வரிசையில இதெல்லாம் வெக்கிறாங்களா இப்போ?"ன்னுது. மேரி மறுபடி வீட்டுக்கு ஓடி, வெறுந்தட்டைத் தூக்கிட்டுப் போறோமேன்னு, ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டாந்து என் தாம்பாளத்துல தொம்முனு வெச்சா.

லேப்டாப் முன்பக்க விளிம்பு மேலயே!

"மேரிக்கா!"ன்னு ரோசி அலறினா. அதே நேரம் அந்த விளிம்புல ஒரு சின்ன நீல லைட்டு பளிச்சுனு எரிஞ்சுது. செவப்புக் குறி போச்சு. கோடு வந்துது, ஒண்ணு, ரெண்டு, நாலு!

அப்புறமாத்தான் கீதா சொல்லுச்சு, அங்க வயர்லெஸ்ஸுக்குன்னே தனியா ஒரு பட்டன் இருக்குதாம். தூங்கி எழுந்தா அதை ஒருதரம் அமுக்கினாப் போதுமாம். இன்ஜினியருக்கே அப்பதான் ஞாபகம் வந்துதாம். வாழைப்பழத்துக்கு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு!

நடுத்தெருவுல, தாம்பாளத்துல, மாப்பிள்ளை வந்துட்டாரு. வாயைத் தெறந்து ஹலோன்னு சொல்ல ஆரம்பிச்சாரு...

அப்படியே நின்னுட்டாரு. படம் அசையல. வாய் பாதி தெறந்தபடி.

"இன்னாது, ஷாக் அடிச்சிருச்சா?"ன்னா மேரி.

"படம் மாட்டிக்கிச்சு, வரும்"ன்னா ரோசி. சொல்லிட்டு அவளும் பக்கவாட்டுல இருந்து குனிஞ்சு பாத்தா. நல்லா, நிதானமா. பொண்ணு பாக்க வந்தவன் பொம்மை மாதிரி நிக்குறான், பொண்ணு சாவகாசமா பாக்குறா! எங்க காலத்துல கெடைச்சுதா இது? எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் மொதல்ல பாத்தது அவரு செருப்பைத்தான்.

தெருவே குனிஞ்சுது.

"பல்லு வரிசை நல்லா இருக்குது."

"முடி முன்னாடி கொஞ்சம் ஏறுது."

"காது அளவாத்தான் இருக்கு ரோசி, பாத்துக்க"ன்னேன் நானு.

லூர்தம்மாவுக்குப் பொறுக்கல. "இந்தக் கூத்துக்குத்தான் சொன்னேன், பேசாம எங்க தம்பி பொண்ணையே..."

"அம்மா, அந்தப் பொண்ணு வேணாம்னு நான் ஏற்கெனவே சொல்லிட்டேன்"னு லேப்டாப் பேசுச்சு.

குனிஞ்ச தெரு மொத்தமா நிமிந்துது.

படம்தான் நின்னிருக்கு. குரல் நிக்கவே இல்ல! மொதல்ல இருந்து எல்லாத்தையும் கேட்டுட்டே இருந்திருக்காரு, பல்லு, முடி, காது, எல்லாத்தையும்!

"ஆன்ட்டி, கொஞ்சம் கேமராவைத் திருப்புறீங்களா? இவ்ளோ நேரமா உங்க மூக்கு மட்டும்தான் தெரியுது."

தாம்பாளத்தோட திரும்பினேன். ரோசி மூஞ்சிக்கு நேரா நிறுத்தினேன்.

அப்புறம் அந்தப் பையன் சிரிச்சுட்டே சொன்னான், "எனக்குப் புடிச்சிருக்குங்க. டைம் ஆயிடுச்சு, ரெண்டு நிமிஷத்துல எழுந்திரிக்கணும். உங்களுக்கு?"

ரோசி தெருவைப் பாத்தா. லூர்தம்மாவைப் பாத்தா. அப்புறம் லேப்டாப்பைப் பாத்தா. தலையைக் குனிஞ்சுக்கினா. வாயைத் தெறந்தா.

என் கை மேல பொட்டுன்னு ஒரு துளி விழுந்துது.

கோடை மழை! உப்பளத்துப் பக்கம் வானம் கறுத்துக் கெடக்கு. முப்பது பேருல பாதிப் பேரு உப்பளத்துல வேலை செய்யறவங்க. ஒரே குரல்ல கத்துனாங்க: "மூடு! மூடு! மூடு!"

"எனக்கு சம்மதம்"னு ரோசி சொன்னா.

டக்.

அவ சொன்னதுக்கு முன்னாடியா பின்னாடியா மூடினேன்னு இன்னி வரைக்கும் எங்க வீட்டுல பஞ்சாயத்து நடக்குது. நான் பின்னாடின்னு சொல்றேன். மத்த எல்லாரும் முன்னாடின்னு சொல்றாங்க.

மேரி வாழைப்பழத்தைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கினா. நாங்க ஆபீசுக்குள்ள ஓடி, ஒயரைச் சொருகி, தெறந்து பாத்தோம். பையன் கெளம்பிட்டான். நாற்காலி மட்டும் தெரிஞ்சுது.

ரோசி என்னைப் பாத்த பார்வையை எழுத மாட்டேன். ஆனா லூர்தம்மா அவ கையைப் புடிச்சுக்கினாங்க. "அழுவாதம்மா. எங்க காதுல விழுந்துச்சு, அது போதும். அவன் கரைக்கு வந்து போன் பண்ணினா நான் சொல்லிக்கிறேன்"னாங்க.

நல்ல மனுஷிதான். வேகமான மனுஷியும்கூட. அடுத்த ஞாயித்துக்கிழமையே கோயில்ல ஓலை வாசிக்க வெச்சுட்டாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை இருக்கறவங்க சொல்லலாம்னு சாமியார் பூசையில வாசிப்பாரே, அது. அதுக்கு அடுத்த ஞாயிறு ரெண்டாவது ஓலையும் ஆச்சு. ஒருத்தரும் எழுந்து நின்னு ஆட்சேபணை சொல்லல.

இப்படி ஒரு கல்யாணம் நடக்கப்போவுதுன்னே தெரியாத ஒரே ஆளு, அந்நேரம் நடுக்கடல்ல இன்ஜினுக்கு எண்ணெய் விட்டுட்டிருந்தாரு.